பெயரும் நாதமும்

காரைக்குடியில் பழம்பொருள் விற்கும் கடைகளுக்குச் செல்வோர் ஒரு காட்சியைக் காணாதிரார். எனாமல் பூசிய கூஜா ஒன்றைக் கையிலெடுப்பவர், முதலில் அதன் வாயையோ மூடியையோ நோக்கார். அதனைத் தலைகீழாகக் கவிழ்த்து, அடியில் பொறித்த முத்திரையையே படிப்பார். சுவீடன் தேசத்து முத்திரை காணப்படின் அவர் முகம் மலரும். விற்பவர் கூறும் விலையும் உடனே உயரும். அக்கூஜா நீரைத் தாங்குமா, ஒழுகுமா என்னும் வினா அவ்விருவரிடையே எழுவதேயில்லை. அழகுக்காக அலமாரியில் வைக்கும் பண்டத்திற்கு அவ்வழக்கம் பொருந்தலாம். நாடோறும் கையாண்டு தொழில் கொள்ளவேண்டிய கருவிக்கும் அதனையே அளவுகோலாகக் கொண்டால் விளைவது யாது? இவ்வினாவை இசைக்கருவி ஒன்றைக் கொண்டு ஈண்டு ஆராயப் புகுகின்றேன். அக்கருவி பேஸ் கித்தார்.

தமிழ் ஆனர்ஸ் பயிலும் மாணவன் யாழைப்பற்றி எழுதாது மேனாட்டுக் கித்தாரைப்பற்றி எழுதுவதேன் என்று நண்பர் சிலர் வினவக்கூடும். பொருநராற்றுப்படை யாழின் உறுப்புக்களை ஒவ்வொன்றாக வருணிப்பதை நாம் வகுப்பில் படிக்கின்றோம். விபுலானந்த அடிகள் 1947-இல் வெளியிட்ட யாழ்நூலை நூலகத்தில் பெருமையுடன் புரட்டிப் பார்க்கின்றோம். பழைய கருவியின் உறுப்பையும் அளவையும் இத்துணை நுட்பமாக ஆராயும் நாம், இன்று நம் ஊர் மேடைகளில் ஒலிக்கும் கருவியை அதன் தலையில் எழுதிய பெயரைக் கொண்டு மட்டும் மதித்தல் முறையன்று. இஃது ஒரு காரணம். மற்றொரு காரணம் எங்கள் இல்லத்தில் நிகழ்ந்தது. அதனை மறையாது கூறுகின்றேன்.

என் தமையனார், காரைக்குடியைச் சூழ்ந்த ஊர்களில் திருவிழாக் காலங்களில் பாடும் மெல்லிசைக் குழு ஒன்றில் பேஸ் கித்தார் வாசிப்பவர். தொடக்கத்தில் இரவற் கருவியொன்றைக் கொண்டே வாசித்து வந்தார். குழுவின் தலைவர் ஒருநாள் அவரை அழைத்து, “நல்ல பெயருள்ள கருவி இல்லாமல் இனி மேடையேற வேண்டா” என்று கூறிவிட்டார். எங்கள் தந்தையார் தையற்றொழில் செய்பவர். இலட்சம் ரூபாய்க்கு அவர் எங்கே போவார்? எங்கள் அன்னையார் கழுத்திலிருந்த சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தார். அதனை அடகு வைத்த பணத்தைக் கொண்டு, வெளியூர்க் கடையொன்றில், ஒருவர் வாசித்து விற்ற பழைய கருவி என்று சொல்லப்பட்ட ஒன்றை அண்ணன் வாங்கி வந்தார். அதன் தலையில் உலகறிந்த பெயர் ஒன்று பொன்னெழுத்தில் மின்னியது. அன்றிரவு எங்கள் வீட்டில் அனைவரும் அந்தப் பெயரை மாறி மாறித் தடவிப் பார்த்தோம். பின்னர் நிகழ்ந்ததை இறுதியிற் கூறுவேன்.

இனி, கருவியின் இயல்பை அறிந்துகொள்வோம். பேஸ் கித்தாரில் பெரும்பாலும் தந்திகள் நான்கு. சாதாரணக் கித்தாரின் தடித்த நான்கு தந்திகளுக்கு ஒரு ஸ்தாயி கீழே இவை சுருதி கூட்டப்படும். அவை நொடிக்கு முறையே ஏறத்தாழ 41, 55, 73, 98 அதிர்வுகளைத் தரும். அதிரும் தந்தியின் நீளம் பெரும்பாலான கருவிகளில் 34 அங்குலம். நான்கு தந்திகளும் சேர்ந்து கழுத்தை இழுக்கும் வலிமை 70 முதல் 80 கிலோகிராம் எடைக்கு ஒப்பாகும். அஃதாவது, வளர்ந்த ஆள் ஒருவர் இடைவிடாது தொங்கிக்கொண்டிருப்பது போன்ற சுமை. இதனைத் தாங்குவதற்காகவே கழுத்தினுள் எஃகுத் தண்டு ஒன்று புதைக்கப்பட்டிருக்கின்றது. அதனைத் திருகிக் கழுத்தின் வளைவைக் கூட்டவும் குறைக்கவும் இயலும்.

இக்கருவி பாட்டில் செய்யும் தொழில், தாளத்தையும் சுரத்தையும் பிணைப்பதாகும். கேட்போர் பலர் அதனைத் தனியே உணரார். அது நின்றுவிட்டால் மட்டும் ஏதோ ஒன்று குறைந்தது என்று உணர்வர். தமிழ்த் திரையிசையில் 1976 முதல் இளையராஜா அமைத்த பாடல்களில் இந்தக் கீழ்க்குரல் தனக்கெனத் தனி இசைவழி ஒன்றைப் பெற்றது. அவர் குழுவில் நெடுங்காலம் இதனை வாசித்தவர் சசிதரன். ஏ. ஆர். ரகுமானின் இசையில் கீத் பீட்டர்ஸின் வாசிப்பைக் கேட்கலாம். நம் ஊர் இளைஞர் இக்கருவியை விரும்பத் தொடங்கியது இத்தகையோர் வாசிப்பைக் கேட்டேயன்றி, அவர் வைத்திருந்த கருவியின் விலையை அறிந்தன்று.

பெரும்பெயர்கள் எவ்வாறு தோன்றின? ஆளுயரமுள்ள பழைய டபிள் பேஸ் என்னும் கருவியைச் சுமந்து திரிவதும், மெட்டில்லாத அதன் பலகையில் சுரத்தானத்தைத் தேடிப் பிடிப்பதும் வாத்தியக்காரர்க்குப் பெருந்துன்பமாயிருந்தன. 1930-களிலேயே சியாட்டில் நகரத்துப் பால் டட்மார்க் என்பவர் மெட்டுகளோடு கூடிய மின்சாரப் பேஸ் ஒன்றை அமைத்தார், அது பரவவில்லை. 1951-இல் கலிபோர்னியாவின் புல்லர்ட்டன் நகரில், வானொலிப் பெட்டிகளைச் செப்பனிட்டு வந்த லியோ ஃபெண்டர் ‘பிரிசிஷன் பேஸ்’ என்பதனை வெளியிட்டார். மெட்டுகள் இருப்பதால் சுரம் பிசகாது என்பதையே, துல்லியம் எனப் பொருள்படும் அப்பெயர் குறிக்கின்றது. 1957-இல் அதன் காந்தச்சுருள் இரண்டு கூறாக்கப்பட்டது. 1960-இல் ‘ஜாஸ் பேஸ்’ தோன்றியது. இன்று மலிவான பேஸ் கித்தார் எதனை எடுத்தாலும் அதன் வடிவம் பெரும்பாலும் இவ்விரண்டில் ஒன்றைத் தழுவியதாகவே இருக்கும்.

பின்னர் நடந்தது கருதத்தக்கது. 1965-இல் ஃபெண்டர் தம் நிறுவனத்தைச் சி. பி. எஸ். என்னும் பெரிய ஒலிபரப்பு நிறுவனத்திற்கு விற்றார். பெயர் அதுவே, தலையிலிருந்த எழுத்தும் அதுவே. ஆயினும் 1970-களில் வெளிவந்த கருவிகள் முன்போல் இல்லை என்று வாத்தியக்காரர் பலர் குறைகூறினர். அக்காலத்திலேயே ஜப்பானியர் அவ்வடிவங்களைப் பார்த்துச் செய்த கருவிகள் குறைந்த விலையில் அமெரிக்கச் சந்தையை நிறைத்தன. 1977-இல், கிப்சன் நிறுவனத்தின் உரிமையாளர் ஐபனெஸ் கருவிகளின் அமெரிக்க விற்பனையாளர்மேல் வழக்குத் தொடுத்தார். வழக்கு எதைப்பற்றியது? நாதத்தைப் பற்றியதன்று, கித்தாரின் தலை வடிவத்தைப் பற்றியது! ஃபெண்டர் நிறுவனமோ வேறு வழி கண்டது. 1982-இல் ஜப்பானிலேயே தன் கருவிகளைச் செய்வித்து, ‘ஸ்குவயர்’ என்னும் பெயரால் குறைந்த விலைக்கு விற்கத் தொடங்கியது. அந்த முதற் கருவிகளை இன்று தேடி வாங்குவோர் உளர். 1985-இல் நிறுவனத்தில் பணியாற்றியோரே முதலீட்டாளர் சிலருடன் கூடி அதனைச் சி. பி. எஸ்.-இடமிருந்து விலைக்கு வாங்கினர். ஆகவே, பெயர் நிலைத்திருக்கப் பொருள் மாறுதலும், பெயர் மாறியிருக்கப் பொருள் சிறத்தலும் உண்டு என்பதற்கு வேறு சான்று வேண்டா.

இன்று சந்தையில் உள்ளவற்றை மூன்று படியாகப் பகுக்கலாம். அமெரிக்காவிலேயே செய்யப்பெறும் பெரும்பெயர்க் கருவிகள் நம் நாட்டில் இலட்சம் ரூபாய்க்கு மேற்பட்டன. அந்நிறுவனங்களே இந்தோனேசியா, சீனா முதலிய நாடுகளில் செய்விப்பவையும், யமாகா, ஐபனெஸ், கோர்ட் முதலியோரின் தொடக்கநிலைக் கருவிகளும் ஏறத்தாழ இருபதாயிரம் ரூபாயை ஒட்டி நிற்பன. அதனினும் தாழ்ந்து, பத்தாயிரம் ரூபாய்க்கு முன்பின்னாக, நாம் முன்பு கேட்டிராத பெயர்களுடன் வருவன பல. முதற் படிக்கும் மூன்றாம் படிக்கும் பத்து மடங்கிற்கு மேல் வேறுபாடு உளது. நாதத்திலும் பத்து மடங்கு வேறுபாடு உண்டோ? இல்லை என்பதை, விலை எதன்பொருட்டு ஏறுகின்றது என்று ஆராய்ந்தால் உணரலாம்.

மெட்டுகள் அமைய வேண்டிய இடம் கணிதத்தால் தீர்மானமானது. 34 அங்குலத் தந்தியில் முதல் மெட்டு, தலைப்புறத்துத் தடையிலிருந்து ஏறத்தாழ 1.9 அங்குலத்திலும், 12-ஆம் மெட்டு சரிபாதியாகிய 17 அங்குலத்திலும் நிற்கும். ஒரு காலத்தில் இந்த அளவைப் பிழையின்றி அறுப்பது கைத்திறன் மிக்கோர்க்கே இயன்றது. இன்று கணிப்பொறியால் இயங்கும் அறுவை இயந்திரம், மலிவுக் கருவிக்கும் விலையுயர்ந்த கருவிக்கும் ஒரே வகையாக அறுக்கின்றது. ஆதலின், சுரத்தானம் பற்றிய பழைய வேறுபாடு பெரும்பாலும் மறைந்துவிட்டது.

அடுத்தது மரம். பெரும்பெயர்க் கருவிகளின் உடல் ஆல்டர், ஆஷ் என்னும் மரங்களாலும், மலிவானவை பாஸ்வுட், பாப்லர் முதலியவற்றாலும் செய்யப்படுகின்றன. விரற்பலகைக்கு ஈட்டிமரம் சிறந்ததென்பர். நம் மேற்குத்தொடர்ச்சி மலையில் வளரும் அம்மரத்தையே மேனாட்டார் பலரும் பயன்படுத்துகின்றனர். 2017-இல் அவ்வின மரங்களின் பன்னாட்டு வாணிகத்திற்குக் கட்டுப்பாடு வந்தபோது, பல நிறுவனங்கள் வேறு மரங்களுக்கு மாறின. 2019-இல் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. மரத்தின் அருமை விலையை ஏற்றும் என்பது உண்மையே. ஆனால் மின்சாரக் கருவியில் நாதம் பிறக்கும் முறை வேறு. காந்தத்தைச் சுற்றி நுண்ணிய செப்புக் கம்பியைப் பல்லாயிரம் சுற்றாகச் சுற்றியிருப்பர். அதன்மேல் எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப் புலம் அசைந்து, செப்புக் கம்பியில் மின்னோட்டம் எழுகின்றது. அம்மின்னோட்டமே ஒலிபெருக்கியில் நாதமாகின்றது. எனவே உடல் மரத்தின் பங்கு, குடமே வாய்திறந்து பேசும் வீணையிற் போலப் பெரிதன்று. கழுத்து மரம் வளையாது நிற்றலே இங்கு இன்றியமையாதது.

அங்ஙனமாயின் விலை எதற்கு? அமெரிக்கத் தொழிலாளியின் கூலிக்கு; மெட்டுகளின் முனையை விரல் உறுத்தாதவாறு ஒவ்வொன்றாக அராவித் தேய்க்கும் நேரத்திற்கு; நெடுங்காலம் உழைக்கும் பிரடைக்கும் மின்னுறுப்புக்களுக்கும்; குறையுள்ளதைக் கழித்து ஒதுக்கும் மேற்பார்வைக்கு; இறக்குமதித் தீர்வைக்கு; விளம்பரத்திற்கு; இறுதியாகப் பெயருக்கு. இவற்றுள் மேற்பார்வையையே யான் முதன்மையாகக் கருதுகின்றேன். பெரும்பெயர்க் கருவிகளுள் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தாலும் அது பெரும்பாலும் நன்றாயிருக்கும். மலிவுக் கருவிகள் பத்தில் சில மிக நன்றாயிருக்கும். சில செப்பனிட்டால் நன்றாகும். சில எக்காலத்தும் ஆகா. பெரும்பெயரின் விலை நாம் தேடாமலே கிடைக்கும் உறுதிக்குக் கொடுக்கும் விலை. தேடத் தெரிந்தவன் அவ்விலையின் பெரும்பகுதியைத் தன் உழைப்பால் ஈடுசெய்துகொள்ளலாம். இதுவே இக்கட்டுரையின் கருத்து.

இதனை நம் ஊர் வீணையோடு ஒப்பிட்டு நோக்கினால் மேலும் தெளிவாகும். காரைக்குடி என்றவுடன் இசையறிந்தோர் நினைவில் எழுவது வீணை. காரைக்குடிச் சகோதரர் எனப் புகழ்பெற்றோருள் மூத்தவராகிய சுப்பராம ஐயர் வீணையை நிமிர்த்திப் பிடித்து வாசித்தார். இளையவராகிய சாம்பசிவ ஐயர் வழக்கம்போல் கிடையாக வைத்து வாசித்தார். இளையவருக்குச் சங்கீத நாடக அகாதெமியின் விருது 1952-இல் கிடைத்தது. அவர்களது வாசிப்பு முறைக்குக் ‘காரைக்குடி பாணி’ என்று எங்கள் ஊரின் பெயரே நிலைத்தது. அவ்வீணைகளைச் செய்த தச்சர் யாவர் என்று வினவுவோர் அரியர். பெயர் பெற்றவர் வாசித்தோரே.

வீணையிலும் விலை வேறுபாடு உண்டு. குடம், தண்டி, தலை யாவும் ஒரே பலாமரத்திலிருந்து குடைந்தெடுத்தது ஏகாண்ட வீணை; தனித்தனியே செய்து பொருத்தியது ஒட்டு வீணை. முன்னது அரிது, விலை மிகுந்தது, பின்னது எளிது. தஞ்சாவூர் வீணைக்கு 2013-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அதுவும் ஒருவகைப் பெயர்ச்சிறப்பே. ஆனால் வீணையின் 24 மெட்டுகளும் மெழுகின்மேல் அமர்த்தப்படுவன. காலம் செல்ல மெழுகு இளகிச் சுரம் பிசகினால், செவிநுட்பமுள்ள தொழிலாளி அதனை இளக்கி மெட்டுகளை மீண்டும் நிறுத்துவார். ஆதலின் ஏகாண்டமாயினும் ஒட்டாயினும், மெட்டுக் கட்டுபவரின் செவி தவறினால் அவ்வீணை பயன்படாது. கித்தாரில் மெட்டுகள் பலகையில் அறைந்து பதிக்கப்பட்டவை, இடம் பெயரா. எனினும், குதிரையை முன்பின் நகர்த்தியும், தந்தியின் உயரத்தை ஏற்றியிறக்கியும், கழுத்துத் தண்டைத் திருகியும் அதற்கும் ஒருவகை ‘மெட்டுக் கட்டுதல்’ செய்யவேண்டும். கடையிலிருந்து வந்தபடியே வாசித்துவிட்டு, “மலிவுக் கருவி, அதனால் பேசவில்லை” என்பார் பலர். மெட்டுக் கட்டாத வீணையை மீட்டிப் பழிப்பதும் அதுவும் ஒன்றே.

இனி, மலிவுக் கருவியைத் தேர்ந்தெடுக்குமுன் ஆராய வேண்டுவனவற்றை முறைப்படுத்திக் கூறுவேன். இவற்றுக்குக் காற்பங்கு நாழிகை பொறுமையும் கூரிய செவியும் போதும்.

முதலாவது, கழுத்து. தந்தியை முதல் மெட்டிலும் கடைசி மெட்டிலும் ஒருசேர அழுத்திப் பிடித்து, இடையில் 7-ஆம் மெட்டுக்கும் தந்திக்கும் உள்ள இடைவெளியைப் பார்க்க. முகவரிச்சீட்டு ஒன்றின் கனம் அளவு இடைவெளி இருப்பின் நன்று. அதனினும் மிக்கிருப்பினும், சிறிதும் இல்லாதிருப்பினும், எஃகுத் தண்டைத் திருகிச் சரிசெய்ய இயலுமா என்று கடைக்காரரைக் கொண்டே திருகச் செய்து பார்க்க. கழுத்து பக்கவாட்டில் முறுக்கியிருப்பின் அக்கருவியைத் தொடாது விட்டுவிடுக, அதற்கு மருந்தில்லை.

இரண்டாவது, சுருதி. 12-ஆம் மெட்டின் நேர்மேலே தந்தியை இலேசாகத் தொட்டு மீட்டினால் ஒரு மெல்லிய சுரம் எழும். அதே மெட்டில் அழுத்தி மீட்டினால் எழும் சுரமும் அதுவும் ஒன்றாயிருத்தல் வேண்டும். வேறுபடின் குதிரையில் உள்ள திருகாணியால் தந்தியின் நீளத்தை மாற்றி ஒன்றாக்க முடியுமா என்று நோக்குக.

மூன்றாவது, ஒவ்வொரு தந்தியையும் ஒவ்வொரு மெட்டிலும் அழுத்தி மீட்டிப் பார்த்தல். நான்கு தந்தியும் இருபது மெட்டும் எனின் எண்பது இடங்கள். எங்கேனும் கரகரப்பு எழுகின்றதா, எங்கேனும் ஓசை சட்டென்று அவிந்துவிடுகின்றதா என்று கேட்க வேண்டும். விரைவாக ஒரு பாட்டை வாசித்துக் காட்டிக் கடையிலுள்ளோரை மகிழ்விப்பதைவிட, இந்த எண்பது இடங்களையும் பொறுமையுடன் தொடுதல் ஆயிரம் மடங்கு பயன் தரும்.

நான்காவது, தந்தியின் உயரம். 12-ஆம் மெட்டின்மேல் 2 அல்லது 2.5 மில்லிமீட்டர் உயரம் பயில்வோர்க்கு ஏற்றது. அதனினும் உயர்ந்து, தாழ்த்தவும் இயலாததாயின், பயிலும் இளைஞனின் விரல் நோகும். அவன் அளவுக்கு மீறி அழுத்தும் தீய பழக்கத்தைக் கற்றுக்கொள்வான். மலிவுக் கருவியால் விளையும் பெருங்கேடு இதுவே. நாதம் குறைந்தால் மேடையில் ஓரிரவு இழப்பு; கை கெட்டால் பல ஆண்டு இழப்பு.

ஐந்தாவது, பிரடைகளும் மின்னுறுப்புக்களும். சுருதி கூட்டி, தந்திகளை நன்றாக இழுத்து விட்டு, மீண்டும் பார்க்க. சுருதி இறங்கிக்கொண்டேயிருப்பின் பிரடை தளர்ந்தது. ஒலிபெருக்கியில் இணைத்து, குமிழ்களைத் திருகும்போது இரைச்சல் எழுகின்றதா, கம்பியைச் செருகும் இடம் ஆடுகின்றதா என்று நோக்குக. இக்குறைகள் சிறியன, சிறு செலவில் நீங்குவன. இவற்றுக்காக நல்ல கழுத்துடைய கருவியைத் தள்ள வேண்டுவதில்லை. விலையைக் குறைத்துக் கேட்டால் போதும்.

இவற்றோடு ஒன்று சேர்த்துச் சொல்ல வேண்டும். நொடிக்கு 41 அதிர்வுள்ள ஓசையைச் சிறிய ஒலிபெருக்கிப் பெட்டி நன்கு வெளியிட மாட்டாது. பணம் முழுவதையும் கித்தாரிலேயே செலவிட்டு, கைப்பெட்டி அளவுள்ள பெருக்கியில் இணைப்போர் பலர். பெரிய ஊருணியைத் தோண்டிவிட்டுச் சிறு குழாயால் நீர் இறைப்பது போன்றது அது. கையிலுள்ள பணத்தில் ஒரு பங்கைப் பெருக்கிக்கும், ஒரு சிறு பங்கைப் புதிய தந்திகளுக்கும், செப்பனிடும் தொழிலாளிக்கும் ஒதுக்கிய பின்னரே கருவிக்கு எவ்வளவு என்று கணக்கிடல் வேண்டும். இவ்வாறு செய்யின் மலிவுக் கருவி தன் விலையினும் உயர்ந்து பேசும்.

உலகப் புகழ் பெற்றோரும் இதற்குச் சான்றாவர். 1961-இல் இங்கிலாந்து நாட்டு இளைஞர் பால் மெக்கார்ட்டினி, ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் பேஸ் கித்தார் வாங்கச் சென்றார். ஃபெண்டரின் விலை அவர் சக்திக்கு எட்டவில்லை. ஏறத்தாழ 30 பவுன் விலையில் வயலின் வடிவிலமைந்த ஹாஃப்னர் கருவியை வாங்கினார். அவர் இடக்கையால் வாசிப்பவர். இருபுறமும் ஒத்த அவ்வடிவத்தைத் திருப்பிப் பிடித்தாலும் தோற்றம் கெடாது என்பதும் ஒரு காரணம். அக்கருவி 1972-இல் களவு போயிற்று. நெடுநாள் தேடிய பின்னர் மீட்கப்பட்டு அவரிடம் சேர்ந்த செய்தி 2024-இல் வெளியானது. ஐம்பது ஆண்டு கழித்தும் உலகம் தேடியது, அது விலையுயர்ந்ததாயிருந்ததனாலன்று, அவர் வாசித்ததனால். இன்று அவ்வடிவமே ஒரு பெரும்பெயராகி விலை ஏறி நிற்கின்றது.

மறுபுறம், அமெரிக்காவின் டிட்ராயிட் நகரில் எண்ணற்ற பாடல்களுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் என்பார் வைத்திருந்தது 1962-ஆம் ஆண்டு ஃபெண்டரே. பெரும்பெயர்க் கருவி அவருக்குப் பயன்பட்டது என்பதை மறைத்தல் நேர்மையாகாது. ஆனால் அவர் பழைய தந்திகளை மாற்றாமலே, பெரும்பாலும் ஒரே விரலால் மீட்டினார். அதே கருவியை வேறொருவர் கையில் கொடுத்தால் அந்நாதம் வந்திராது.

ஆகவே, பெரும்பெயர்க் கருவியை வாங்குதல் எப்போதும் பேதைமை என்று யான் கூறவில்லை. நாடோறும் ஊர்விட்டு ஊர் சென்று வாசித்து, அவ்வருவாயால் வாழ்வோர்க்கு நடுமேடையில் கருவி பழுதாகாமை பெருஞ்செல்வம். அவர் உறுதியை விலைகொடுத்து வாங்குதல் தகும். மேலும், பெரும்பெயர்க் கருவியை மீண்டும் விற்குங்கால் நல்ல தொகை திரும்பும். மலிவுக் கருவிக்கு அஃதில்லை. ஐப்பசி கார்த்திகை மழையிலும் சித்திரை வெயிலிலும் நம் நாட்டில் கழுத்து மரம் விரிந்து சுருங்கும்; நன்கு உலர்த்திய மரத்தாலான கருவி அதனைச் சற்று எளிதாகத் தாங்கும். ஆனால் பயில்வோரும், திருவிழாக் காலத்தில் மட்டும் வாசிப்போரும், கடன்பட்டு அதனை வாங்குதல் ஒருபோதும் கூடாது. செட்டிநாட்டில் பிறந்தோர்க்கு வட்டியின் இயல்பை ஒருவர் கற்பிக்க வேண்டுவதில்லை. அது கருவி உறங்கும்போதும் உறங்காது.

இப்போது எங்கள் இல்லத்து நிகழ்ச்சிக்கு மீள்கின்றேன். கருவி வாங்கிய மூன்றாம் மாதம் தாழ்ந்த சுரங்களில் கரகரப்பு மிகுந்தது. அண்ணனும் யானும் அதனை, ஆர்மோனியமும் வீணையும் செப்பனிடும் முதியவர் ஒருவரிடம் கொண்டுசென்றோம். அவர் திருகாணிகளைக் கழற்றிக் கழுத்தைத் தனியே எடுத்தார். உள்ளே இருந்த குறிகளையும் மின்னுறுப்புக்களையும் நெடுநேரம் நோக்கினார். பின்னர் அண்ணனைப் பார்த்து, “தம்பி, எழுதியிருக்கும் பேர் பொய், மரம் பொய்யில்லை” என்றார். மலிவுக் கருவி ஒன்றின் தலையில் யாரோ பெரும்பெயரை ஒட்டி விற்றிருக்கின்றனர். அண்ணன் ஒன்றும் பேசவில்லை. வீடு வரும் வழியெல்லாம் அன்னைக்கு எவ்வாறு சொல்வது என்பதொன்றே எங்கள் கவலையாயிருந்தது.

அம்முதியவர் ஒரு வாரத்தில் மெட்டுகளைச் சமன்செய்து, கழுத்தைத் திருகி, குதிரையை நிறுத்தி, பழுதுபட்ட ஒரு குமிழை மாற்றிக் கொடுத்தார். அவர் பெற்ற கூலி, அண்ணன் மாதந்தோறும் செலுத்திய வட்டியினும் குறைவு. அன்று முதல் அக்கருவி நன்றாகவே பேசுகின்றது. தலையிலிருந்த பொன்னெழுத்தை அண்ணன் தாமே சுரண்டி எடுத்துவிட்டார். பெயரற்ற அக்கருவியுடனேயே அவ்வாண்டுத் திருவிழாவில் மேடையேறினார். குழுத்தலைவர் தலையை உற்றுப் பார்த்தார். பாட்டு முடிந்தபின் ஒன்றும் சொல்லவில்லை. 14 மாதம் வட்டி கட்டிய பின்னர் சங்கிலி வீடு திரும்பியது. அதனைக் கழுத்தில் அணிந்த அன்று எங்கள் அன்னையார் கேட்டது ஒன்றே: “முதலிலேயே அந்தப் பெரியவரைக் கேட்டிருக்கக் கூடாதா?”

அவ்வினாவிற்கு எங்களிடம் விடையில்லை. அதனைப் பிறர் கேட்க நேராதிருக்கவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன். எங்கள் நாட்டுப் பெருமனைகளில் கப்பலேறி வந்த இத்தாலியச் சலவைக்கல்லும் உண்டு; ஆத்தங்குடியில் கண்ணாடித் தட்டின்மேல் கையால் வார்த்தெடுத்த தரைக்கல்லும் உண்டு. இரண்டும் தலைமுறைகளின் காலடியைத் தாங்கி நிற்கின்றன. தேர்ந்தெடுத்தவர் கண்ணும், பதித்தவர் கையும் நன்றாயிருந்தமையே அதற்குக் காரணம். மாணவ நண்பர்காள்! கருவி வாங்கச் செல்லுங்கால் தலையிலுள்ள பெயரைப் படிக்குமுன் கழுத்தை நோக்குங்கள். விலையைக் கேட்குமுன் எண்பது இடங்களையும் தொட்டுக் கேளுங்கள். செப்பனிடுவோர் ஒருவரை உடனழைத்துச் செல்லுங்கள். வாங்கிய பின்னர் நாடோறும் பயிலுங்கள். பெயர் பின்னர் தானே வரும். அது கருவியின் பெயராக இராது, உங்கள் பெயராக இருக்கும்.